அவர் சொல்லாத ஒரு வசனம்

இயேசு மரி சூசை துணை

மொன்றியல்
18 மாசி 2007

அன்பு மகள் அனோஜினிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே நானும் அப்பாவும் தம்பி றெனோல்ட்டும் சுகம், அங்கே நீயும் மருமகன் கிறகரியும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். சுகம் என்று கை தன்பாட்டில் எழுதிவிட்டது, கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும். உண்மையில் போன புதன்கிழமையில் இருந்து எனக்குச் சுகமில்லை. காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை, பயப்படாதே. சோற்றை வடித்துவிட்டு அடுப்பை நிற்பாட்ட மறக்கிறேன். பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது கை இடையில் நின்றுவிடுகிறது. அதிர்ச்சி என்ற சொல்லை எட்டு வருஷமாக வேலையிடத்தில் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் காவித் திரிந்திருக்கிறேன், அது உடம்பில் எப்படி இருக்கும் என்று இந்தக் கிழமைதான் எனக்குத் தெரிந்தது. காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது, ஐந்து நாளாகியும் பஞ்சை எடுக்க முடியவில்லை.

ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். ஈமெயில் எழுதச் சொல்லி றெனோல்ட் தானே தட்டித் தருவதாகச் சொன்னான், ஆனால் இது அவன் வாசிக்கிற விஷயமில்லை, அவனுடைய தமிழுக்கு நாலு வரி தாண்டாது என்றாலும் கூட. போனில் சொல்லலாம் என்றால் நீ ஓம் அம்மா, சரி அம்மா, வைக்கட்டா அம்மா என்று மூன்று வசனத்தில் முடித்துவிடுவாய். அதனால் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுச் சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, அப்பா மூன்றாவது முறையாகப் படியை வழிக்கப் போயிருக்கிறார். கோவிலில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். ஹமில்ட்டன் என்றதும் பாதிப் பேர் ஒன்ராறியோ ஹமில்ட்டன் என்று நினைத்து, ஆறு மணித்தியாலம் காரில் போனால் மகளைப் பார்த்துவிட்டு வரலாமே என்கிறார்கள். நியூசிலாந்து என்று சொன்னால் ஏன் அவ்வளவு தூரம் என்று அடுத்த கேள்வி வருகிறது, மாட்டுக்குப் புல்லு ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்லூரியில் படித்து முடித்த உனக்கு இந்த மொன்றியல் தீவிலேயே புல்லு இருந்தது என்று முன்பெல்லாம் சேர்த்துச் சொல்லுவேன், இப்போது சொல்வதில்லை.

தை மாதம் நீ போன் எடுத்து, பேறுக்குச் சின்னம்மாவைக் கூப்பிட்டிருக்கிறன், நீங்கள் வேலையை விட்டிட்டு அலையத் தேவையில்லை அம்மா என்று சொன்னாய். நான் சரி பிள்ளை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். உனக்குத் தெரியாது, அதற்கு முதல் கிழமையே நான் சித்திரைக் கடைசிக்கு விமான ரிக்கற் போட்டிருந்தேன், பத்தியச் சரக்கு வறுக்க மல்லியும் மிளகும் வாங்கி வைத்திருந்தேன். பெற்ற தாய் நான் இருக்க, ஸ்காபரோவில் இருக்கிற என் தங்கச்சி செல்வமலர் போய் என் மகளுக்குப் பத்தியம் காய்ச்சுவதா. அந்த ஒரு மாதம் இந்த வீட்டில் இருந்தவர்களைக் கேட்டுப் பார். றெனோல்ட் கோப்பையைக் கழுவாமல் வைத்ததற்கு அவன் பிறந்த நாளிலிருந்து செய்த பிழை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மூலையில் இருக்கும் தெப்பனர் கடைக்காரன் பால் முடிந்துவிட்டது என்று சொன்னதற்கு அவனோடு பிரெஞ்சில் சண்டை பிடித்தேன். கோவிலில் பீடத்துக்கு வைத்த பூச்சாடியை மாக்கிரட் ஒரு சாண் தள்ளி வைத்தாள் என்று சொல்லி, இருபது வருஷச் சிநேகிதியோடு பூசை முடிந்தும் கதைக்காமல் வந்தேன். காரில் வரும்போது அப்பா சொன்னார், உமக்கு அனோஜினியில கோவம், பூச்சாடி பாவமப்பா என்று. எனக்கு அவரிலும் கோபம் வந்தது. செல்வமலர் எடுத்த போன் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டவர்களிடம் ஒரே பதில்தான், அவளுக்குச் சின்னனில் இருந்தே கல்லு மனசு, அவளில் பிழையில்லை, படைப்பே அப்படி. பதினாறு வருஷமாக நான் சொல்லிக்கொண்டு வருகிற பதில் அது. உன் காதிலும் விழுந்திருக்கும்.

இனி வேலையிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வைத்தியசாலைகளுக்கு மொழிபெயர்ப்புக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும், எங்கள் ஆட்கள் என்னை ட்ரான்ஸ்லேசன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது, அதை நான் உனக்கு ஒருநாளும் விளங்கப்படுத்தியதில்லை. நோயாளி சொல்வதை அவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்லக்கூடாது. அவர் நான் என்றால் நானும் நான் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தலையிடி என்றால் எனக்குத் தலையிடி. கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது, கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டு இருக்க வேண்டும். எனக்கு மூட்டு வலி, எனக்குப் பசியில்லை என்று நான் பிரெஞ்சில் அடுக்குவதைக் கேட்டு ஒரு கிழவி, பிள்ளைக்கும் எல்லா வருத்தமும் இருக்குதோ, பாவம் என்று என் தலையைத் தடவியிருக்கிறா. எட்டு வருஷத்தில் ஒரு சொல் கூட்டிச் சொன்னேன் என்று ஒருவரும் என்னில் குற்றம் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை, நீ சொல்வது போல தலைக்கனம் என்றே வைத்துக்கொள்.

மூன்று வருஷமாக மனநலப் பகுதியில்தான் கூடுதலாகக் கூப்பிடுகிறார்கள். அங்கே இருக்கிற மதாம் பெலான்ஜெ என் வயதுதான், மூக்குக்கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தள்ளத் தள்ளக் கேள்வி கேட்பார். அவர் மாத்திரை எழுதுகிறவர் இல்லை, கதைக்க வைக்கிறவர். மனிசன் தாங்க முடியாததை மறந்துவிட்டேன் என்று நினைப்பானாம், ஆனால் அது எங்கேயும் போகாதாம், வேறு வாசலால் வருமாம். மேலதிகாரியில் வந்த கோபம் வீட்டில் மனைவியில் விழுமாம். தன்னிடம் இருக்கிற ஒன்றைப் பார்க்கப் பயந்தால் மனம் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கண்டுபிடித்துக் குற்றம் சொல்லுமாம். ஒருவரை வெறுக்கிறோமோ என்று பயந்தவர்கள் அவருக்கே அளவுக்கு மிஞ்சி அள்ளிக் கொடுப்பார்களாம். இதையெல்லாம் நான் எத்தனையோ பேருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சிரித்திருக்கிறேன். வெள்ளைக்காரருக்கு வேறு வேலையில்லை, மூன்று வயதில் தாய் அடித்தாளாம், அதனால் முப்பது வயதில் நித்திரை வரவில்லையாம் என்று பகிடி பண்ணியிருக்கிறேன். எங்களைப் பார், குண்டுக்குள் இருந்து வந்தோம், நித்திரை கொள்ளவில்லையா என்று கேட்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை ஒருவருக்காகப் போனேன். பெயர், ஊர், வருத்தம் ஒன்றும் எழுதமாட்டேன், அது சத்தியம் செய்து கொடுத்தது. ஆண் என்பதை மட்டும் எழுதுகிறேன், அது இல்லாமல் நடந்தது உனக்கு விளங்காது. அவரும் எங்களைப் போல பிள்ளையை விட்டுவிட்டு முதலில் வந்தவர். விமானம் மேலே எழும்பும்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மதாம் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவர், ஒண்டும் நினைக்கேல்லை, யன்னலால பாத்துக்கொண்டிருந்தனான் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒன்றும் நினைக்கவில்லை, யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன், உடம்பு லேசாக இருந்தது, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒருவரும் என் சேலையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மதாம் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிற்பாட்டினார். எதிரில் இருந்த மனிதரைப் பார்த்தார், அவர் காற்சட்டையும் பனிச் சப்பாத்துமாக இருந்தார். சேலையா என்று மதாம் கேட்டார். நான் பழக்கத்தில் அதையும் தமிழில் அவரிடம் கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, என்ன சேலை தங்கச்சி என்றார். அப்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

மகள், நான் அந்த வசனத்தை நினைத்துச் சொல்லவில்லை. சொல்லும்போது எனக்குத் தெரியவும் இல்லை. என் வாய்தான், என் குரல்தான், நல்ல பிரெஞ்சு வேறு, ஒரு இலக்கணப் பிழை இல்லை. பிழை விட்டால் திருத்த வேண்டும் என்பதும் முறை, அதனால் நான் அவரிடம் தமிழில், அண்ணை, நீங்கள் சொல்லாத ஒண்டை நான் சொல்லிப்போட்டன், அது உங்கட இல்லை, என்னுடையது என்று சொன்னேன், என்ன வசனம் என்றும் சொன்னேன். அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்று எழுதமாட்டேன், அது அவருடையது. அடுத்த முறைக்கு வேறு ஆளைக் கேட்டிருக்கிறார் என்பதை மட்டும் எழுதுகிறேன், கேட்டது சரிதான். அவர் போன பிறகு மதாம் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், எனக்கு வயது போகிறது, களைப்பு என்று ஏதோ சொன்னேன். அவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, நான் உங்களுடைய வைத்தியர் இல்லை, அதனால் ஒன்றும் கேட்கமாட்டேன், ஆனால் அந்த வசனத்தைக் களைப்பு சொல்லவில்லை, அதைக் கேட்க வேண்டிய ஒருவர் எங்கேயோ இருக்கிறார் என்று சொன்னார். நான் மேர்சி மதாம் என்று சொல்லிவிட்டு மேற்கோட்டை மாறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மெட்ரோவில் கடைசி ஸ்டேசன் வரைக்கும் போய் இருந்துவிட்டேன், எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று ஒரு பிள்ளை வந்து தட்டிச் சொன்னது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அப்பா கனடாவுக்குப் போனபோது றெனோல்ட் என் வயிற்றில், உனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நீ என் சேலைத் தலைப்பை விடவில்லை. சமைக்கும்போது பிடித்தபடி நின்றாய், கிணற்றடிக்கு வந்தாய், நான் கக்கூசுக்குப் போனால் கதவுக்குக் கீழால் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்தாய். ஹெலி வருமா அம்மா, ஹெலி வருமா அம்மா என்று ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டாய். வராது என்று சொன்ன நேரமெல்லாம் ஹெலிகொப்டர் வந்து சுட்டது. என்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டுக்கேட்டு நீ என்னைத் தின்றாய் என்று எழுதினால் உனக்கு நோகும், எழுதாமல் விட்டால் இது இன்னொரு பொய்க் கடிதமாகிவிடும், அதனால் எழுதுகிறேன். நான் றெனோல்ட்டைத் தூக்கிக்கொண்டு, உன்னைச் செல்வமலரிடம் விட்டுவிட்டு வந்த கதையை ஊரெல்லாம் அறியும். கொழும்பில் இருந்து மிராபெல் விமான நிலையம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்லுவேன். கோவிலில் தவக்காலத்தில் சாட்சியம் சொல்லக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன், மாக்கிரட் அழுதாள். பொய் பிள்ளை. மெட்ரோவில் அந்தக் கடைசி ஸ்டேசனில் இருக்கும்போது எனக்கு விமானத்துச் சாப்பாடு ஞாபகம் வந்தது. நான் முழுவதும் சாப்பிட்டேன். பட்டரையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தம்பி மடியில் நித்திரை. என் உடம்பு லேசாக இருந்தது. இருபது வருஷமாக இது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒளித்து வைத்திருந்தேன் என்றால் ஒளித்தது எனக்காவது தெரிந்திருக்க வேண்டும், எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பா ஒன்றுக்கும் சத்தம் போடாத மனிதர் என்பது உனக்குத் தெரியும். கேட்டுவிட்டு, நீர் வந்து இறங்கின அண்டு பதினாறு மணித்தியாலம் நித்திரை கொண்டனீர், உமக்கு மூச்சிருக்கோ எண்டு எனக்குப் பயம் வந்து ரெண்டு தரம் வந்து பாத்தனான், பிள்ளையை விட்டிட்டு வந்த தாய் இப்பிடி நித்திரை கொள்ளுமோ எண்டும் யோசிச்சனான் என்றார். இருபது வருஷம் இதைச் சொல்லாமல் என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். ஏன் சொல்லேல்லை என்று கேட்டதற்கு, நீர் கேக்கேல்லையே என்றார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் உனக்கு அனுப்பிய பார்சல்களைப் பற்றிக் கதைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி, எப்படியாவது ஆள் பிடித்து அனுப்பினேன். பூப்போட்ட சட்டை, லேஸ் வைத்த சட்டை, ஒரு பெட்டிக்குள் ஒன்பது சட்டை. எல்லாம் ஏழு வயதுப் பிள்ளையின் அளவு. எட்டு வயதில், ஒன்பது வயதில், மடு அகதி முகாமில் பத்து வயதில் நீ இருக்கும்போதும் நான் ஏழு வயது அளவில் சட்டை அனுப்பிக்கொண்டிருந்தேன். அள்ளிக் கொடுப்பார்கள் என்று மதாம் சொன்னதைத் தமிழாக்கிவிட்டுச் சிரித்த ஆள் நான். பதினொரு வயதில் நீ மிராபெலில் வந்து இறங்கி என்னைப் பார்த்து அழாமல், அன்ரி என்று கூப்பிட்டுவிட்டுப் பிறகு அம்மா என்று திருத்தினாய். கல்லு மனசு என்று நான் அன்றைக்கே முடிவு கட்டினேன். உன்னை விட்டுப் போகும்போது கல்லாக இருந்தது யார் என்று பார்த்தால் நான் உயிரோடு இருந்திருக்க முடியாது, அதனால் அந்தக் கல்லை எடுத்து உன்னில் வைத்துவிட்டேன். என்னை அறியாமல் செய்தேன் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, ஆனால் சுமந்தவள் நீ.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் வெட்கத்தை விட்டுச் செல்வமலருக்குப் போன் எடுத்தேன், ஒரு மாதமாகக் கதைக்காததற்கு மன்னிப்புக் கேட்க. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஆனால் எனக்கு வேறு வழி இருக்கவில்லைத்தானே, இரண்டு பிள்ளையையும் கொண்டு போகமுடியாது என்று வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான்தானே என்று கேட்டேன். போன் அறுந்துவிட்டது என்று நினைத்து மலர், மலர் என்று கூப்பிட்டேன். பிறகு அவள் சொன்னாள், அக்கா, அவன் ஏலாது எண்டு சொல்லேல்லை, மூண்டு மாதம் பொறுத்தால் ரெண்டு பிள்ளையளோடயும் போகலாம் எண்டுதான் சொன்னவன், நீங்கள்தான் இனி ஒரு நாளும் பொறுக்க என்னால ஏலாது எண்டனீங்கள் என்று. நான் இல்லை என்றேன். அவள் அழுதாள். ஓமக்கா, எங்கட முன் அறையில வைச்சுத்தான் சொன்னவன், நான்தான் தேத்தண்ணி குடுத்தனான் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அவன் இருந்த கதிரை தெரிந்தது. அவன் மூன்று விரலைக் காட்டியது தெரிந்தது. ஆண்டவரே, எனக்கு அது தெரிந்தது. இத்தனை வருஷமும் வழியில்லை வழியில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒரு தடவைகூட அந்த மூன்று விரல் என் கண் முன்னால் வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா, பிள்ளை கதவடியில நிண்டவள், அவளுக்கு அது கேட்டது என்றாள். நான் போன பிறகு நீ சின்னம்மாவிடம், மூன்று மாதம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டாயாம். அவள் தொண்ணூறு என்று சொல்லியிருக்கிறாள். மூன்று மாதத்தில் உன்னைக் கூப்பிடுவேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். மாதா படம் போட்ட கலண்டரில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் கீறினாயாம். தொண்ணூறாம் நாள் குளித்துவிட்டு, உடுப்பை மடித்து ஒரு பையில் வைத்து, வாசலில் போய் இருந்தாயாம். பின்னேரம் மட்டும் இருந்தாயாம். பிறகு எழும்பி வந்து உடுப்பைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு, சாப்பாடு தாங்கோ சின்னம்மா என்றாயாம். அதுக்குப் பிறகு நீங்கள் எப்ப கூப்பிடுவியள் எண்டு அவள் ஒரு நாளும் கேக்கேல்லை அக்கா என்று செல்வமலர் சொன்னாள். போனை அப்பா வாங்கி வைத்தார். ஒரு பெரிய இரகசியத்தை உன்னிடம் சொல்லப்போகிறேன் என்று நினைத்துத்தான் கடிதம் எழுதத் துணிந்தேன், அது உனக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தாய், தெரிந்துகொண்டுதான் இங்கே வந்து றெனோல்ட்டைப் பார்த்து வளர்த்தாய், தெரிந்துகொண்டுதான் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஓம் அம்மா என்றாய். ஒரு கதவை அடித்துச் சாத்தியதில்லை நீ. நான் அதை நல்ல பிள்ளை என்று நினைத்தேன், கோவிலில் பெருமை பேசினேன்.

இதை எழுதுவது மன்னிப்புக் கேட்க மட்டுமில்லை. கேட்கிறேன், ஆனால் நீ தந்துதான் ஆகவேண்டும் என்று இல்லை. இன்னொரு காரணம் இருக்கிறது. வைகாசியில் உனக்குப் பிள்ளை பிறக்கும். அது அழும், உன்னைப் பிடித்தால் விடாது, உன்னிடம் இல்லாததைக் கேட்கும். ஒரு நாள் கிறகரி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் உனக்கு அப்பாடா என்று இருக்கும். அப்போது நானும் அம்மாவைப் போலத்தானோ என்று நீ பயந்துவிடக் கூடாது. களைத்த தாய்க்கு அப்படி இருக்கும், அது பாவமில்லை. என்னுடைய பிழை லேசாக இருந்ததில் இல்லை. அதைப் பார்க்கப் பயந்து, ஒருவரிடமும் சொல்லாமல், உன்னைக் குற்றவாளியாக்கினேன் பார், அதுதான் பிழை. உனக்கு அப்படி வந்தால் கிறகரியிடம் சொல்லு, சின்னம்மாவிடம் சொல்லு, அங்கே மதாம் பெலான்ஜெ மாதிரி யாரும் இருந்தால் போய்க் கதை. இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று இனிமேல் நான் பகிடி பண்ணமாட்டேன். உனக்கு என்னில் இருக்கிற கோபத்தையும் பிள்ளையில் இறக்கிவிடாதே, அது வரவேண்டிய விலாசம் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. போன் எடுத்துக் கத்து. நான் வைக்கமாட்டேன், நியாயமும் சொல்லமாட்டேன். நீ கத்தி நான் கேட்டதே இல்லை என்று நினைக்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

வேறென்ன. மாக்கிரட்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று அவளுக்கே மறந்துவிட்டது. றெனோல்ட் உன்னை ஈமெயில் பார்க்கச் சொன்னான், அவன் தானாகக் கோப்பை கழுவுகிறான், வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவனுக்கு விளங்குகிறது போல. இரும்புச்சத்துக் குளிசையை வெறும் வயிற்றில் போடாதே. கனமான சாமான் தூக்காதே, ஆய்வுகூடத்தில் மற்றவர்களைத் தூக்கச் சொல்லு, கேட்பதற்கு வெட்கப்படாதே. அங்கே குளிர் தொடங்க முதல் காலுறை வாங்கி வை. பத்தியச் சரக்கை நான் வறுத்து அனுப்பவில்லை, இந்த முறை உனக்குப் பெட்டி ஒன்றும் வராது, என்ன வேண்டும் என்று நீயே சின்னம்மாவிடம் சொல்லு. தான் போகாமல் நிற்பதாகவும் என்னைப் போகச் சொல்லியும் செல்வமலர் கெஞ்சினாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். உனக்கு யார் பக்கத்தில் வேண்டும் என்று நீ கேட்டாயோ அவள்தான் வரவேண்டும்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிறக்கப்போகிற பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆண்டவரும் மாதாவும் துணை நிற்கட்டும். பேறு நேரத்தில் அப்பாவும் நானும் இங்கே செபமாலை சொல்லிக்கொண்டு இருப்போம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. சித்திரைக் கடைசிக்குப் போட்ட ரிக்கற்றை நான் திகதி இல்லாமல் மாற்றி வைத்திருக்கிறேன். நீ வா என்றால் வருவேன், வர வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எழுது, மரியாதைக்காக ஒன்றும் எழுதாதே. பிள்ளை தவழ்ந்த பிறகு என்றாலும் சரி, நடந்த பிறகு என்றாலும் சரி, பள்ளிக்கூடம் போன பிறகு என்றாலும் சரி. நான் பொறுத்திருப்பேன். அன்றைக்குப் பொறுத்திருக்க வேண்டியவள் நான்தான், மகள், நீ இல்லை.

இப்படிக்கு,
உன்னை விட்டுவிட்டு வந்த
அம்மா